பாம்பு முட்டையைக் கீறி விடலாமா? திருகோணமலைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலிக்கரையில் குவித்து வைத்த தேங்காய் மட்டையைக் கிளறும்போதும், பழைய கிணற்றுக் கட்டை இடிக்கும்போதும், வளவுக்குள் இருக்கும் புற்றை வெட்டும்போதும்தான் திருகோணமலையில் பாம்பு முட்டைகள் பெரும்பாலும் கைக்கு வருகின்றன. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் என்றால் வரம்பு திருத்தும் நாட்களில் மண்வெட்டியில் அகப்படும். சில வேளை பிடித்த சாரை, கொண்டுபோய் விடுவதற்கு முன்னரே பைக்குள் முட்டையிட்டுவிடும். கூடு கலைந்துபோனதால் அந்த முட்டைகளைத் திருப்பி வைக்க இடமிராது. ஆகவே யாரோ ஒருவர் பெட்டியில் வைத்துப் பார்க்கத் தொடங்குகிறார்.

சிக்கல் கடைசி இரண்டு மூன்று நாட்களில் வருகிறது. பன்னிரண்டு முட்டையில் ஒன்பது பொரித்துவிடும், மூன்று அப்படியே கிடக்கும். பக்கத்தில் நிற்பவர்கள், "கீறி விடுங்கோ, பாவம், உள்ளுக்குள்ளயே செத்துப்போகும்" என்பார்கள். அந்த நேரத்தில் கத்தரிக்கோலை எடுப்பதா, வேண்டாமா என்று முடிவெடுப்பதற்காகவே இதை எழுதுகிறோம். பெரும்பாலும் எடுக்கக் கூடாது. எடுக்கலாம் என்று சொல்லக்கூடிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அவற்றை அடையாளம் காண்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது.

தொடங்குமுன்

பாதுகாக்கப்பட்ட பாம்பையோ அதன் முட்டையையோ அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். இதற்கான வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது, பின்னர் பல தடவை திருத்தப்பட்டும் உள்ளது. முட்டை கிடைத்த அன்றே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் எடுத்துப் போகலாம், அல்லது பழக்கமுள்ள ஒருவரிடம் பொறுப்புக் கொடுக்கலாம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அப்படிப் பொறுப்பு ஏற்றவர்களுக்கு.

அடுத்தது, எந்தப் பாம்பின் முட்டை என்பது. கண்ணாடி விரியன், சுருட்டை, பச்சைப் பாம்பு ஆகியவை குட்டி போடுகின்றன, ஆகவே முட்டை அவற்றினுடையதாக இருக்க முடியாது. சாரை, நாகம், கட்டுவிரியன், வெங்கிணாந்தி, கொம்பேறி மூக்கன் எல்லாம் முட்டையிடுகின்றன. உடும்பு, கபரக்கொய்யா முட்டைகளுக்கும் தோல் போன்ற ஓடுதான் என்பதால், தாயைக் காணாமல் முட்டையை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்வது கடினம். நிலாவெளி, குச்சவெளிக் கடற்கரை மணலுக்குள் உருண்டையாகக் கிடைப்பவை கடலாமை முட்டைகள். அவற்றைத் தொடாமல் அறிவித்தால் போதும்.

நாகம், கட்டுவிரியன் முட்டை என்று தெரிந்தாலும், எதன் முட்டை என்றே தெரியாவிட்டாலும் கீறும் கேள்விக்கே இடமில்லை. நாகக் குட்டி ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டும்போதே நஞ்சும் இருக்கிறது, கடிக்கவும் தெரிகிறது. கீறுகிறவரின் விரல் அதன் வாயிலிருந்து இரண்டு அங்குலம் தூரத்தில் இருக்கும். அந்த முட்டைகளைத் திணைக்களத்திடம் கொடுத்துவிடுங்கள். கடி பட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழைத்து நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குட்டிதானே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

வெங்கிணாந்தி தன் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடப்பதைக் கண்டால், முடிந்தவரை அந்த இடத்தைக் கலைக்காமல் விடுங்கள். தாய் தசையை நடுக்கி நடுக்கி முட்டைக்குச் சூடு கொடுக்கிறது. அதற்கு ஈடாக எந்தப் பெட்டியும் வராது. நாகமும் முட்டைக்குக் காவல் இருக்கும் என்பதால், புற்றுக்குள் கை விடாதீர்கள்.

கத்தரிக்கோல் தேவைப்படாமல் பார்த்துக்கொள்ளும் வேலை

பொரிக்காமல் தங்கும் முட்டைகளில் பல, முதல் வாரங்களில் நடந்த பிழையால் தங்குகின்றன. கடைசி நாளில் கீறுவதால் அந்தப் பிழை சரியாகாது.

கோழி முட்டையை உருட்டி உருட்டி வைப்பது போல பாம்பு முட்டையை உருட்டக் கூடாது. இட்டு ஒன்றிரண்டு நாட்களுக்குள் கரு ஓட்டின் மேற்புறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. முட்டையைப் புரட்டினால் கருவின் இணைப்புக் கிழியும், அல்லது மஞ்சட்கருவின் பாரம் அதன்மேல் அமரும். எடுக்குமுன் ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி போடுங்கள். பேனை மை வேண்டாம், ஓட்டுக்குள் ஊறும். அந்தப் புள்ளி இரண்டு மாதமும் மேலேயே இருக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பிரிக்காமல் கொத்தாகவே வையுங்கள்.

பெட்டிக்கு வெர்மிகுலைட் என்னும், ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகளைத் தேடி அலைய வேண்டாம். தும்புத்தூள் போதும், ஆனால் கடற்கரையோரத்தில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும். உப்பு முட்டையிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசிப் பிழியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கட்டியாக நிற்க வேண்டும், விரலிடுக்கால் தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் நான்கு அங்குலத்துக்கு இதைப் போட்டு, முட்டையை அரைவாசி புதையும்படி வைத்து, மூடியில் ஊசியால் சில துளை போடுங்கள். மூடியில் படியும் நீர் முட்டைமேல் சொட்டாமலிருக்க உட்புறம் ஒரு துணியை இழுத்துக் கட்டலாம். ஈரம் குறைந்தால் பெட்டியின் ஓரத்தில் தண்ணீர் விடுங்கள், முட்டைமேல் ஒருபோதும் விடாதீர்கள்.

சூடு 28 முதல் 31 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டார் எழுதும் குறிப்புகளில் எல்லாம் சூடாக்கும் கருவியைப் பற்றித்தான் பேச்சு. இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிரச்சினை நேர்மாறானது. தகரக் கூரைக்கோ அஸ்பெஸ்டஸ் கூரைக்கோ கீழே பகலில் அறைச் சூடு 34ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் கரு சாகும், அல்லது முதுகெலும்பு வளைந்த குட்டி உருவாகும். மீன் கொண்டுவரும் ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, முட்டைப் பெட்டியை அதற்குள் வைத்து, பக்கத்தில் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டை நிறுத்துங்கள். தண்ணீரின் கனம் பகல் இரவுச் சூட்டு வேறுபாட்டைக் குறைக்கும். வீட்டில் மிகக் குளிர்ந்த அறையின் நிலத்தில் வைத்தால் பல நாட்களுக்கு வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. மாரியில் பூஞ்சணம் வரும். ஓட்டின்மேல் கொஞ்சம் பூஞ்சணம் பிடித்ததால் முட்டை செத்துவிட்டது என்று முடிவு கட்டி எறியாதீர்கள்.

எறும்பை மறக்காதீர்கள். ரெஜிபோம் பெட்டியை நான்கு செங்கல்லின்மேல் தூக்கி, செங்கற்களைச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள். மண்ணெண்ணெய் பாவிக்க வேண்டாம், அதன் ஆவி ஓட்டுக்குள் போகும்.

நாட்காட்டி ஏன் உதவாது

மேலே சொன்ன சூட்டில் இந்த முட்டைகள் பெரும்பாலும் 50 முதல் 70 நாட்களுக்குள் பொரிக்கின்றன. பண்ணையில் வளர்ப்பவர்களுக்குத் தாய் முட்டையிட்ட நாள் தெரியும், அதனால் அவர்கள் நாளை எண்ணிக் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள். மட்டைக் குவியலில் கண்டெடுத்த முட்டை எத்தனை நாள் பழையது என்று உங்களுக்குத் தெரியாது. கண்டெடுத்த நாளிலிருந்து 60 எண்ணி அன்றைக்குக் கீறுவது இருட்டில் வெட்டுவதற்குச் சமம். நீங்கள் நம்பக்கூடிய ஒரே மணிக்கூடு அதே கூட்டு முட்டைகள்தான். ஒரே தாய், ஒரே நாள், ஒரே பெட்டி என்பதால் ஒன்று தானாகக் கீறினால் மற்றவையும் கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வந்துவிட்டன.

இடையில் ரோச் லைட்டால் பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, முட்டையைத் தூக்காமல், சிறிய எல்ஈடி ரோச்சைப் பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள், பத்து வினாடி போதும். சிவந்த நரம்பு வலை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நரம்பே இல்லாமல் ஒரே மஞ்சளாக ஒளிர்ந்தால் கரு பிடிக்காத முட்டை. பொரிக்கும் காலம் நெருங்கினால் பெரும்பகுதி கறுத்து, சில வேளை உள்ளே ஓர் அசைவு தெரியும். சாம்பல் நிறம், சளிபோன்ற ஈரம், கூட நாற்றமும் இருந்தால் அது செத்த முட்டை.

முட்டை குழிவிழுவதைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். முதல் மாதத்தில் குழிவிழுந்தால் ஈரம் போதவில்லை, ஓரத்தில் தண்ணீர் விடுங்கள். கடைசி ஒன்றிரண்டு வாரத்தில் குழிவிழுந்தால் அது இயல்பு. அந்த நேரத்தில் தண்ணீரை அள்ளி ஊற்றினால் வெளிவரப்போகும் குட்டி மூழ்கும்.

முதல் கீறலுக்குப் பிறகு

குட்டியின் மேல்தாடை நுனியில் முட்டைப்பல் என்று ஒன்று இருக்கிறது, பொரித்த சில நாட்களில் விழுந்துவிடும். அதனால் உள்ளிருந்தபடியே ஓட்டைக் கீறுகிறது. பிளேட்டால் இழுத்ததுபோல் ஒரு மெல்லிய கோடு, சில வேளை பக்கத்தில் இன்னொன்று, அதன் விளிம்பில் தெளிந்த நீர்க்குமிழி ஒன்று. கொஞ்ச நேரத்தில் குமிழிக்குள் மூக்கு நுனி தெரியும். பெட்டியைத் தட்டினால் உள்ளே இழுத்துக்கொள்ளும், விட்டால் மறுபடி நீட்டும். இப்படியே ஒரு நாள், ஒன்றரை நாள், சில வேளை இரண்டு நாளும் இருக்கும்.

பார்க்கிறவர்களுக்கு இது சிக்கிக்கொண்டதுபோல் தெரியும். ஆனால் உள்ளே முக்கியமான வேலை நடக்கிறது. அதுவரை ஓட்டோடு ஒட்டிய நரம்புகளால் மூச்சு வாங்கிய குட்டி நுரையீரலுக்கு மாறுகிறது. அந்த நரம்புகளில் ஓடிய இரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சட்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுபடுகிறது. அந்த மஞ்சட்கருதான் முதல் சட்டை உரிக்கும்வரை அதற்குச் சாப்பாடு. இந்த நேரத்தில் இழுத்து எடுத்தால் மஞ்சட்கருப் பை வெளியே தொங்கும், உரசிக் கிழியும், கிருமி பிடிக்கும், இரத்தம் போகும். கூடக்குறைய, "உதவி செய்து" கொல்வது என்பது இதுதான்.

ஆகவே முதல் கீறல் கண்ட நேரத்தைப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். அதிலிருந்து 48 மணித்தியாலத்துக்கு எந்த முட்டையிலும் கை வைக்கக் கூடாது. ஒரு நாளிலேயே கீறிவிடும் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விற்பனைக்கு ஒரு குட்டியையும் இழக்க விரும்பாதவர்கள். உங்கள் குட்டிகள் காட்டுக்கோ வயற்கரைக்கோ போகவேண்டியவை. தானாக வெளியே வரும் பலம் இருப்பது அங்கே உயிர்வாழ வேண்டிய குட்டிக்கு முக்கியம் என்பதால், பொறுப்பதில் நட்டமில்லை.

48 மணித்தியாலம் முடிந்ததும் பாருங்கள். அரைவாசிக்கு மேற்பட்ட முட்டைகள் தாமாகக் கீறியிருக்க வேண்டும். கீறாத முட்டையில் ரோச் வெளிச்சத்தில் நரம்போ அசைவோ தெரிய வேண்டும். ஓடு காய்ந்து தடித்துக் கிடப்பதுபோல், ஏதோ ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது. முதல் இரண்டும் இருந்தால் மட்டும் சிறு கீறலைப் பற்றி யோசிக்கலாம். அரைவாசி கீறாவிட்டால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். உயிரின் அடையாளமே இல்லாவிட்டால் கீறுவதால் பயனில்லை. ஒரே ஒரு முட்டைதான் உங்களிடம் இருக்கிறது என்றால், ஒப்பிட வேறு முட்டை இல்லை, ஆகவே கீறவே வேண்டாம்.

கீறிய முட்டையில் கசியும் நீருக்கு எறும்பும் சிறு ஈயும் மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் வரும். எறும்புத் தட்டில் தண்ணீர் இல்லை, மூடி சரியாகப் பொருந்தாது என்றால், மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தாலும் கீறாதீர்கள்.

கீறும் முறை

குழந்தைப் பிள்ளைக்கு நகம் வெட்டும், முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல் ஒன்று, நுனி மெல்லிய சாமணம் ஒன்று, காஸ் துணி, பஞ்சுக் குச்சி, கொதித்தாறிய தண்ணீர், தலையில் கட்டும் வெளிச்சம். கருவிகளைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கையுறை போடுங்கள். பிளேட்டைப் பாவிக்கக் கூடாது, அது எவ்வளவு ஆழம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

முட்டையைத் தூக்காமல், புரட்டாமல், இருந்த இடத்திலேயே ரோச்சால் பார்த்து, தடித்த நரம்பு ஓடும் பாதையைப் பென்சிலால் குறியுங்கள். உச்சியில் நரம்பில்லாத இடமொன்றைத் தெரிவு செய்யுங்கள். மற்ற முட்டைகளில் கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்பதும் வழிகாட்டும். அந்த இடத்தில் ஓட்டைச் சாமணத்தால் கிள்ளி மேலே உயர்த்தினால் சிறு கூடாரம்போல் எழும்பும். கத்தரிக்கோலைப் படுக்கையாக வைத்து அந்த மேட்டின் நுனியை மட்டும் வெட்டுங்கள், மூன்று நான்கு மில்லிமீற்றர் போதும். இந்த உயர்த்துதல்தான் முழு வேலையிலும் முக்கியம். ஓடு மேலே வரும், அடியிலுள்ள சவ்வு கீழேயே நிற்கும், இரண்டுக்கும் இடையில் கத்தரிக்கோல் போகும்.

இங்கே நின்று பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் சரி. சவ்வில் தடித்துச் சிவந்த நரம்புகள் தெரிந்தால், அந்தக் குட்டி இன்னும் அவற்றால்தான் மூச்சு வாங்குகிறது, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். வெட்டிய ஓட்டை அப்படியே மூடி, பெட்டியை அடைத்து, இன்னும் ஒரு நாள் விடுங்கள். நரம்பு வெளிறி, நூல்போல் சுருங்கியிருந்தால் மேலே போகலாம். வெட்டை வளைத்து ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி ஒரு சென்றிமீற்றர் அளவு மடல் ஆக்குங்கள். ஓட்டை முழுவதாக அகற்றினால் திரும்ப மூட முடியாது, உள்ளே காய்ந்துபோகும்.

பிறகு சவ்வில் நரம்பில்லாத இடத்தைச் சாமண நுனியால் கிள்ளி மூன்று நான்கு மில்லிமீற்றர் கிழியுங்கள். பஞ்சுக் குச்சியை நனைத்து உள்ளே தெரியும் உடம்பை இலேசாகத் தொடுங்கள். அசைந்தால் உங்கள் வேலை முடிந்தது, மடலை மூடிவிடுங்கள். மூக்கு எங்கே என்று தேடாதீர்கள், தலையை வாசலுக்குத் திருப்பிவிடாதீர்கள். குட்டி தானே திரும்பிக்கொள்ளும்.

ஒரு சொட்டு இரத்தம் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். பெரும்பாலும் தானாக உறையும். ஊறிக்கொண்டேயிருந்தால் நனைத்த சுத்தமான காஸைச் சில நிமிடம் மெதுவாக ஒற்றிப் பிடியுங்கள். மஞ்சளாகக் கெட்டியாக வந்தால் மஞ்சட்கருப் பையில் பட்டுவிட்டது, அல்லது கரு முன்னமே செத்துவிட்டது. இரண்டிலும் மேற்கொண்டு வெட்டுவதால் பிரயோசனமில்லை.

அதன்பிறகு 24 மணித்தியாலம் பெட்டி மூடியே இருக்க வேண்டும், பன்னிரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவை எறும்பு பார்ப்பதைத் தவிர. கீறிய அன்று மாலையே பிள்ளைகளுக்குக் காட்டத் திறப்பது, வாசலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவது, காய்ந்துபோகிறது என்று உள்ளே தண்ணீர் விடுவது: புதியவர்கள் குட்டியை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான், முதல் வெட்டினால் அல்ல.

வெளியே வந்த பிறகு

தொப்புளில் மஞ்சட்கரு மிச்சம் தொங்கும் குட்டியைத் தும்புத்தூளில் விடாதீர்கள், தூள் ஒட்டும். நனைத்துப் பிழிந்த கிச்சன் டிசு விரித்த சிறு பெட்டியில் தனியாக, இருட்டில் வையுங்கள். கொடியை வெட்டவோ நூலால் கட்டவோ வேண்டாம், சில நாளில் உள்ளே இழுபடும் அல்லது காய்ந்து விழும். கொடி உடம்பைச் சுற்றி இறுக்கியிருந்தால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். முதுகெலும்பு வளைந்த குட்டியை வைத்திருப்பதா, என்ன செய்வது என்பதையும் திணைக்களமும் வைத்தியரும்தான் தீர்மானிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வெளியே விடுவது அதற்குச் செய்யும் நன்மை அல்ல.

நல்ல குட்டிகள் ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரிக்கும். அதுவரை தீனி கொடுக்க முயல வேண்டாம், தண்ணீர் மட்டும் ஆழமில்லாத தட்டில் வையுங்கள். விடும் நாளையும் இடத்தையும் திணைக்களத்தோடு கதைத்து முடிவு செய்யுங்கள். முட்டை கிடைத்த இடத்துக்கு அருகில், உழவு நடக்காத, நெருப்பு வைக்காத பற்றையோரமாக, வெயில் தாழ்ந்த பிறகு விடுவது நல்லது.

பொரிக்காத முட்டைகளை உடனே எறியாதீர்கள். கடைசிக் குட்டி வெளிவந்து ஒரு வாரம் வரை பெட்டியிலேயே விடுங்கள். பிறகு திறந்து பார்த்து, கருவே பிடிக்காததா, பாதியில் செத்ததா, முழு வளர்ச்சியில் செத்ததா என்று எழுதிவையுங்கள். முழு வளர்ச்சியில் செத்தவை பல என்றால் அடுத்த தடவை பெட்டியின் ஈரத்தையும் பகற் சூட்டையும்தான் முதலில் சோதிக்க வேண்டும். திறந்த முட்டைகளை ஒரு முழம் ஆழத்தில் புதைத்து, கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பாம்பின் உடம்பிலும் முட்டையிலும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம், ஆகவே பாவித்த பெட்டியையும் தட்டையும் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம், கிணற்றடிக்கும் கொண்டுபோக வேண்டாம்.